கேட்டால்தான் சொல்லும் கருவி

(வயிற்று ரத்தக்குழாய்களின் அவசர நோய்களும் சி.டி. ஸ்கேனும் குறித்துப் பொதுமக்கள் அரங்கில் கதிரியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



1948ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க்கில், புரூக்ளின் யூத மருத்துவமனையில், ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற அறுவை நிபுணர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்தார். அவ்வப்போது வந்து சில நாள் படுத்திவிட்டுப் போகும் வயிற்றுவலி ஐன்ஸ்டைனுக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. திறந்து பார்த்தால், முதுகெலும்பை ஒட்டி இறங்குகிற மகாதமனி பெரிய சாத்துக்குடி அளவுக்குப் புடைத்து நின்றது. சாதாரணமாக அந்தக் குழாயின் அகலம் 2 சென்டிமீட்டர்தான். புடைத்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வேறு குழாய் பொருத்தும் வித்தை அன்றைக்கு யாருக்கும் கைவந்திருக்கவில்லை. பாரிஸில் சார்ல் துபோஸ்ட் அதைச் செய்து காட்டியது 1951இல். ஆகவே நிஸ்ஸன் தன்னால் முடிந்ததைச் செய்தார். புடைப்பின் மேல் செலோஃபேன் தாளைச் சுற்றினார். செலோஃபேன் திசுவை உறுத்தும், உறுத்திய இடத்தில் தழும்பு கட்டும், அந்தத் தழும்பு மெலிந்த சுவரைத் தாங்கும் என்பது கணக்கு. கணக்கு தப்பவில்லை, ஆறு ஆண்டுக்கு மேல் தாங்கியது.

1955 ஏப்ரலில் புடைப்பு கசியத் தொடங்கியது. வலி வந்த விதத்தைப் பார்த்துப் பித்தப்பை அழற்சியோ என்ற சந்தேகமும் எழுந்தது. அறுவை செய்து பார்க்கலாம் என்றார்கள், ஐன்ஸ்டைன் வேண்டாம் என்றுவிட்டார். ஏப்ரல் 18 அதிகாலையில் பிரின்ஸ்டன் மருத்துவமனையில் இறந்தார். வயது 76. மகாதமனி உடைந்திருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்தது பிணக்கூறாய்வில்தான். மகாதமனி வெடிப்பு பித்தப்பை நோய்போல வேடம் போட்டு வருவதை ‘ஐன்ஸ்டைன் அடையாளம்’ என்று மருத்துவர்கள் இன்றும் சொல்வது உண்டு.

உயிரோடிருக்கும் மனிதனின் வயிற்றுக்குள் ரத்தக்குழாய் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க அன்று வழியே இல்லை என்று சொல்ல முடியாது. லிஸ்பனில் ரெய்னால்டோ டாஸ் சாண்டோஸ் 1929இலேயே முதுகு வழியாக நீண்ட ஊசியை மகாதமனிக்குள் நேராகச் செலுத்தி, மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்திருந்தார். 1953இல் சுவீடனின் செல்டிங்கர் தொடைத் தமனி வழியாகக் கம்பியை விட்டு அதன் மேல் குழாயை நகர்த்தும் முறையைக் கொண்டுவந்தார். ஆனால் நடுராத்திரியில், ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, வலி எதனால் என்று தெரியாத நிலையில் இதையெல்லாம் செய்யத் துணிகிறவர் யார்?

இன்று ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் சி.டி. அறையில் வலி எதனால் என்ற கேள்விக்கான படம் சில வினாடிகளில் கிடைத்துவிடும். அப்படியிருந்தும் இந்த நோய்களில் ஆட்கள் சாகிறார்கள். படத்தில் தெரியாததால் சாகிறவர்கள் குறைவு. படம் எடுக்காததாலும், தாமதமாக எடுத்ததாலும், தவறான முறையில் எடுத்ததாலும் சாகிறவர்களே அதிகம். சி.டி. கேட்டால்தான் சொல்லும். கேட்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு, இ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியாளர். பீட்டில்ஸ் இசைத்தட்டு விற்ற காசில் சி.டி. பிறந்தது என்று ஒரு கதை எல்லா மாநாட்டிலும் உலவும். பிரிட்டிஷ் சுகாதாரத் துறை போட்ட பணத்தை அந்தக் கதை வசதியாக மறந்துவிடும். 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டன் விம்பிள்டனில் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தார்கள். 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், இதற்கான கணிதத்தைத் தனியாக முன்பே போட்டுவைத்திருந்த ஆலன் கார்மாக்குக்கும் நோபல் பரிசு. முதல் கருவிகளுக்கு ஒரு வெட்டுப் படம் எடுக்கவே சில நிமிடங்கள் பிடித்தன. தலை அசையாமல் கிடக்கும், அதனால் பிழைத்தார்கள். வயிறு மூச்சோடு ஏறி இறங்கும், குடல் நெளிந்துகொண்டே இருக்கும். 1989 வாக்கில் சுருள் முறை வந்த பிறகுதான் வயிற்றுக்கு விமோசனம். மேசை நகர்ந்துகொண்டே இருக்க எக்ஸ்ரே குழல் நிற்காமல் சுற்றும். 1998இல் ஒரே சுற்றில் நான்கு வெட்டுகள் எடுக்கும் கருவி வந்தது, சில ஆண்டுகளில் 64. இன்று ஒரு தடவை மூச்சைப் பிடித்து விடுவதற்குள் முழு வயிறும் 1 மில்லிமீட்டருக்கும் மெல்லிய வெட்டுகளாகக் கணினியில் இருக்கும்.

படத்தில் நாங்கள் பார்ப்பது அடர்த்தியை. ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. தண்ணீர் பூஜ்யம், காற்று மைனஸ் 1000. ஓடும் ரத்தம் 40 அளவில், உறைந்த ரத்தம் 70 வரை. ரத்தத்தில் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றினால் மகாதமனி 250, 300 என்று பளிச்சென்று எரியும். அந்த வெளிச்சம் எங்கே போகவேண்டுமோ அங்கே போகாவிட்டால் அடைப்பு. போகக்கூடாத இடத்துக்குப் போனால் கசிவு. வயிற்று ரத்தக்குழாய்களுக்கான சி.டி.யின் அடிப்படை இவ்வளவுதான்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. முழங்கை மடிப்பில் சற்றுப் பெரிய ஊசி போட்டு, வினாடிக்கு 4 அல்லது 5 மில்லி வேகத்தில் மருந்தைச் செலுத்துகிறோம். உடம்பெல்லாம் சூடு பரவும். சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும், போயிருக்காது. பயப்பட வேண்டாம். ஏறக்குறைய 30 வினாடியில் தமனிகள் நிறைந்திருக்கும், அப்போது ஒரு படம். 70 வினாடி வாக்கில் குடலைச் சுற்றிவிட்டுக் கல்லீரலுக்குப் போகும் சிரைகள் நிறைந்திருக்கும், அப்போது இன்னொரு படம். இவற்றுக்கு முன் மருந்தில்லாமல் ஒன்று. மருந்தில்லாத படத்தில் புதிதாக உறைந்த ரத்தம் வெளுப்பாகத் தெரியும். தமனிப் படத்தில் அடைப்பு தெரியும். சிரைப் படத்தில் குடல் சுவருக்கு ரத்தம் வந்ததா இல்லையா என்பதும், சிரைக்குள் ரத்தக்கட்டி இருக்கிறதா என்பதும் தெரியும்.

வழக்கமான வயிற்று ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்தால் பல இடங்களில் சிரை நேரத்துப் படம் ஒன்று மட்டுமே எடுப்பார்கள். குடல்வால் அழற்சிக்கு அது போதும், ரத்தக்குழாய்க்குப் போதாது. அனுப்புகிறவர் சந்தேகத்தை எழுதினால்தான் தொழில்நுட்பர் மூன்று படமும் எடுப்பார். ‘வயிற்று வலி’ என்று இரண்டே சொல் எழுதிய சீட்டுகளை நான் இன்றும் தினமும் பார்க்கிறேன். வலி என்பது நோயாளி சொன்னது. மருத்துவர் நினைத்தது என்ன என்பது அந்தச் சீட்டில் இல்லை.

இனி முக்கியமான நோய்க்கு வருகிறேன். குடலுக்கு ரத்தம் தடைபடுவது. ஓர் அம்மாவை எண்ணிக்கொள்ளுங்கள். சிறுவயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டவர். நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கும். ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று வரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். பல் பிடுங்கவேண்டும் என்று நிறுத்தினார், மறுபடி தொடங்க மறந்துபோனார். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குத் திடீரென்று வயிற்றுவலி. ஒரு வாந்தி, ஒரு தடவை பேதி. வீட்டில் கேஸ் என்பார்கள். ஓமத் தண்ணீர், சோடா, மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய மாத்திரை. வலி தாங்காமல் துடிக்கும்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். பணி மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்க்கிறார், மெத்தென்று இருக்கிறது. இறுக்கம் இல்லை, அழுத்தினால் வலி கூடவும் இல்லை. ஊசி ஒன்று போட்டு, காலையில் பார்க்கலாம் என்கிறார்.

இந்த முரண்தான் நோயின் கையெழுத்து. வலி எக்கச்சக்கம், தொட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை. இதயத்தின் மேலறையில் உறைந்த கட்டி ஒன்று பெயர்ந்து, மகாதமனியில் இறங்கி, மேல் குடல் தமனியில் போய் நின்றிருக்கிறது. எஸ்.எம்.ஏ. என்று எங்கள் புழக்கத்தில் சொல்வோம். சிறுகுடல் ஏறக்குறைய முழுவதற்கும் பெருங்குடலின் பாதிக்கும் மேல் இந்த ஒரு குழாய்தான் சோறு போடுகிறது. கட்டி பெரும்பாலும் குழாயின் வாயிலேயே நிற்பதில்லை. சில சென்டிமீட்டர் உள்ளே போய், கிளை பிரிந்து குழாய் குறுகும் இடத்தில் சிக்கும். ஆகவே தலைமடை வயலுக்குத் தண்ணீர் பாயும், கடைமடை காய்ந்துபோகும். சிறுகுடலின் தொடக்கப் பகுதி தப்பித்து, அதற்குக் கீழே உள்ளது சாகத் தொடங்கும்.

முதலில் சாவது குடலின் உள்தோல். வெளிச்சுவர் இன்னும் உயிரோடு இருப்பதால் வயிறு இறுகுவதில்லை. 6 மணி நேரம் தாண்டினால் சுவர் முழுவதும் அழியும் நிலை வந்துவிடும். இடையில் ஒரு கொடுமை நடக்கும். நரம்பும் செத்துப்போவதால் வலி கொஞ்சம் குறையும். குடும்பத்தார் முகத்தில் நிம்மதி வரும், மருத்துவரும் ஊசி வேலை செய்துவிட்டது என்று நினைப்பார். அதன் பிறகு வயிறு உப்பி, இறுகி, ரத்த அழுத்தம் சரியும்போது பாதிக்கு மேற்பட்டவர்களைக் காப்பாற்ற முடிவதில்லை. பிழைத்தாலும் குடலைப் பெருமளவு வெட்டி எடுத்தபின் உணவைச் செரிக்க இடமில்லாமல், சிரை வழியே சத்து ஏற்றிக்கொண்டு வாழ நேரும்.

இதே அம்மாவுக்கு ராத்திரி பதினொன்றரைக்கு மூன்று நேரப் படம் எடுத்திருந்தால்? பக்கவாட்டு வெட்டில் மகாதமனியிலிருந்து எஸ்.எம்.ஏ. வளைந்து இறங்குவது அழகாகத் தெரியும். வெளிச்சம் கொஞ்ச தூரம் வந்து, பிறைபோல் வளைந்த விளிம்போடு சட்டென்று நின்றிருக்கும். பக்கத்தில் ஓடும் சிரை வழக்கத்தைவிடச் சுருங்கியிருக்கும், வருவதற்கு ரத்தம் இல்லாததால். சிறுநீரகத்திலோ மண்ணீரலிலோ ஆப்பு வடிவத்தில் ஒரு கருமை தெரிந்தால், இதயத்திலிருந்து இன்னும் சில துண்டுகள் சிதறியிருக்கின்றன என்று பொருள். குடல் சுவர் காகிதம்போல் மெலிந்து ஒளி ஏறாமல் இருந்தால் நிலைமை முற்றிவிட்டது. சுவருக்குள்ளும் கல்லீரலுக்குப் போகும் சிரைக்குள்ளும் காற்றுக் கோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் நேரம் கடந்துவிட்டது. பாடப்புத்தகங்களில் இந்தக் காற்றுப் படம்தான் பெரிதாக அச்சாகியிருக்கும். மாணவர்களுக்குச் சொல்கிறேன், அந்தப் படத்துக்காகக் காத்திருக்காதீர்கள். நல்ல முறையில் எடுத்த சி.டி. இந்த நோயை 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். பிடிக்கவேண்டியது குடல் உயிரோடிருக்கும்போது.

சிரைக்குள் ரத்தம் உறைவது வேறு கதை. மெதுவாக, சில நாள்களில் வளரும் வலி. ஆள் இளவயதாகவும் இருக்கலாம். படத்தில் குடல் சுவர் மெலியாமல் தடித்து வீங்கியிருக்கும், சுற்றிலும் கொழுப்பு கலங்கியிருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தாலேயே இவர்களில் பலரைக் கத்தி வைக்காமல் மீட்டுவிடலாம். இன்னொரு வகையில் குழாயில் அடைப்பே இருக்காது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அழுத்தம் சரிந்து கிடக்கும் நோயாளிக்குக் குடல் தமனிகள் தாமாகவே சுருங்கிக்கொள்ளும். சி.டி. தடுமாறுகிற இடம் இது, ஒப்புக்கொள்ள வேண்டும். ரத்தப் பரிசோதனையும் எல்லா நேரமும் கைகொடுக்காது. திசுவுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட் அளவு இயல்பாக இருப்பதால் குடல் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது ஆபத்து. தொடக்கத்தில் அது இயல்பாகவே இருக்கலாம்.

அடைப்பை விட்டுக் கசிவுக்கு வருவோம். ஐன்ஸ்டைனுக்கு வந்த மகாதமனி வெடிப்பு முதியவர்களிடம், அதிலும் புகைபிடித்த ஆண்களிடம் அதிகம். இடுப்பில் ஆரம்பித்துத் தொடைவரை இறங்கும் வலியைச் சிறுநீரகக் கல் என்று நினைத்து அனுப்பிவிடுவது உலகம் முழுக்க நடக்கும் பிழை. அறுபது வயதுக்கு மேல் முதன்முதலாக ‘கல்’ வருகிறது என்றால் மகாதமனியைப் பார்க்காமல் அனுப்பக்கூடாது. வெடித்திருந்தால் மருந்தில்லாத படத்திலேயே முதுகுப்பக்கம் பரவிய ரத்தம் தெரிந்துவிடும். இன்னும் வெடிக்காமல், ஆனால் வெடிக்கப் போகும் குழாயில், சுவரை ஒட்டிய பழைய உறைவுக்குள் பிறை வடிவில் ஒரு வெளுப்பு தோன்றும். ரத்தம் சுவருக்குள் நுழையத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. பிறகு நிமிடங்கள்தான் கணக்கு. 1990இல் புவெனஸ் ஐரஸில் ஹுவான் பரோடி தொடைத் தமனி வழியாக உள்ளுக்குள்ளேயே புதுக் குழாயைப் பொருத்திக் காட்டினார். அந்தக் குழாய்க்கு அளவெடுப்பதும் சி.டி.யில்தான்.

நம் ஊரில் நான் அதிகம் பார்ப்பது வேறொன்று. குடிப் பழக்கத்தால் கணையம் வெந்துபோனவர்களின் மண்ணீரல் தமனியில் வரும் போலிப் புடைப்பு. கணைய நீர் பக்கத்துத் தமனியின் சுவரை அரித்துவிடுகிறது. ஒருநாள் கொஞ்சம் ரத்த வாந்தி எடுக்கும், அல்லது மலம் கறுப்பாகப் போகும். எண்டோஸ்கோபியில் பெரிதாக ஒன்றும் தெரியாது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது முன்னோட்டம். அடுத்த கசிவு வெள்ளமாக வரும். தமனிப் படத்தில் புடைப்பு ஒரு வெளிச்ச முட்டாகத் தெரியும். சிரைப் படத்திலும் அதே வடிவத்தில் இருந்தால் போலிப் புடைப்பு. வடிவம் மாறிப் பெரிதாகப் பரவியிருந்தால் இப்போதே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு நேரப் படம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. இடம் தெரிந்துவிட்டால், வயிற்றைத் திறக்காமலே, குழாய் வழியாகச் சிறு உலோகச் சுருளை வைத்து அடைத்துவிடுவார்கள்.

தாமதம் எங்கிருந்து வருகிறது? ஒன்று, குடிக்கக் கொடுக்கும் மருந்து. குடலை வெளுப்பாகக் காட்டும் திரவத்தை ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் குடிக்க வைத்துப் பிறகு படமெடுக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் போகவில்லை. ரத்தக்குழாய்ச் சந்தேகத்தில் இது இரட்டைக் கேடு. ஒரு மணி நேரம் போகும். குடலுக்குள் இருக்கும் அந்த வெளுப்பு, கசியும் ரத்தத்தின் வெளுப்பையும் சுவரின் ஒளியையும் மறைத்துவிடும்.

இன்னொன்று, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட் வந்தால்தான் கான்ட்ராஸ்ட் ஊசி என்று ஓர் இரும்புச் சட்டம் பல மருத்துவமனைகளில் இருக்கிறது. சிறுநீரகம் கெட்டுவிடும் என்ற பயம் முழுக்கப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயம் மிகைப்படுத்தப்பட்டது என்று அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் அங்குள்ள தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் 2020இல் கூட்டறிக்கையே வெளியிட்டன. குடல் செத்துக்கொண்டிருக்கும்போது சிறுநீரகத்தைக் காப்பாற்றக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. குடல் அழுகினால் சிறுநீரகமும் சேர்ந்தே போகும்.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த மருந்து ஆகாது என்பதும் பலரிடம் வேரூன்றிய நம்பிக்கை. இரண்டுக்கும் தனித் தொடர்பு கிடையாது. முன்பு இதே கான்ட்ராஸ்ட் போட்டபோது மூச்சுத்திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். கதிர்வீச்சைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரு வயிற்று சி.டி.யில் கிடைப்பது, இயற்கையிலிருந்து சில ஆண்டுகளில் நம் உடம்பு வாங்குகிற அளவு. சும்மா ஒரு திருப்திக்காக ஸ்கேன் எடுப்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படலாம். நான் இதுவரை சொன்ன நோயாளிக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கடைசியாக, படம் படிக்கிறவர்கள் பக்கம் உள்ள குறை. நாங்களும் மனிதர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நூற்றுக்கணக்கான வெட்டுகளைப் புரட்டும்போது, எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் கண் அங்கே நிற்கும். 2015இல் பின்லாந்தில் 95 நோயாளிகளின் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். குடல் ரத்தத் தடையை சி.டி.யில் கண்டுபிடிப்பது, அனுப்பியவர் அந்தச் சந்தேகத்தைத் தெரிவித்தாரா என்பதைப் பொறுத்தே இருந்தது. செயற்கை நுண்ணறிவு வந்து இதைத் தீர்த்துவிடும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் தமனி நேரத்தில் எடுக்காத படத்தில் தமனி அடைப்பை எந்த மென்பொருளும் தேடிக் கொடுக்காது.

மருத்துவ மாணவர்களே, சீட்டில் சந்தேகத்தை எழுதுங்கள். ‘நாடி ஒழுங்கில்லை, திடீர் வலி, வயிறு மென்மை, குடல் தமனி அடைப்பா?’ என்று ஒரே வரி போதும். முடிந்தால் கதிரியல் அறைக்குப் போன் செய்யுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

மற்றவர்களுக்கு: வீட்டில் இதய வால்வு நோயோ, ஒழுங்கற்ற நாடியோ உள்ளவர் இருந்தால், அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். இதய மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். அவருக்குத் திடீரென்று கடும் வயிற்றுவலி வந்தால் ஓமத் தண்ணீரோடு நேரத்தைக் கழிக்காதீர்கள். அவசரப் பிரிவில் போய் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, இதயத்தில் என்ன கோளாறு, மாத்திரை கடைசியாக எப்போது சாப்பிட்டார். சொல்லிவிட்டு, ‘டாக்டர், ரத்தக்குழாய்க்கு சி.டி. எடுக்கவேண்டி இருக்குமா?’ என்று கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.